ஆறு மாத்திரை குறையுது

போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்துக்கொண்டு, மனிதர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "கேன்டீன் முட்டை" என்று இரண்டே வார்த்தையில் வழக்கை முடித்தார். கேன்டீன் முட்டை மேல் பழி போட்டால் உலகத்தில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

அது முட்டை இல்லை. மகளுடைய சனிக்கிழமை மாத்திரை.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் மேனேஜர் என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுடைய இரண்டு முழங்காலும் பந்து மாதிரி வீங்கிவிட்டன. சிறுவர் மூட்டுவாதம் என்றார் டாக்டர். "குழந்தைக்கு மூட்டுவாதமா? அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே?" என்று கேட்காத ஆள் கிடையாது. தபால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் தபாலைக் கொடுத்தார். யார் தூக்க வேண்டும், யார் ஜன்னலைத் திறக்க வேண்டும், யார் சீப்பை எடுத்துத் தர வேண்டும் என்று படுத்தபடியே உத்தரவு போட்டு அவள் வீட்டை நடத்தினாள். பதவி தானாக வந்து சேர்ந்தது.

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வலி பறந்தது, அது காலி செய்த இடத்தில் பசி குடியேறியது. ஒரு மதியம் மூன்று பாக்கெட் ரொட்டியை முடித்துவிட்டு மேனேஜர் சோபாவைப் பார்த்த பார்வையில், சோபா அரை அடி பின்னால் நகர்ந்தது. கீறல் இன்னும் தரையில் இருக்கிறது, வந்தால் காட்டுவார்கள். முகம் முழுநிலாவாக உப்பி, பள்ளிக்கூட வாட்ச்மேன் "புது அட்மிஷனா பாப்பா?" என்று கேட்டார். பிறகு ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வாரத்துக்கு ஒரே நாள் போடும் மெத்தோட்ரெக்சேட்டை ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சனிக்கிழமை போய்விடும் என்பதால் வீட்டில் அதற்கு சனிக்கிழமை மாத்திரை என்றே பெயர். ஒரு தடவைக்கு ஆறு. சின்னது, மஞ்சள் நிறம்.

முகம் இறங்கியது. முழங்கால் வற்றியது. மேனேஜர் நடந்தாள், ஓடினாள், ஒருநாள் உதைக்கக்கூடச் செய்தாள். ஆனால் ஞாயிறு முழுக்கக் குமட்டல். அந்தக் குமட்டல் சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு மாதம் தேதியை முன்னால் தள்ளி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து, சனிக்கிழமை காலையில் வந்து, கடைசியில் வெள்ளிக்கிழமையே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது. மாத்திரையைப் பார்க்க வேண்டாம், மஞ்சளைப் பார்த்தாலே போதும். மஞ்சள் வாளி, மஞ்சள் திரைச்சீலை எல்லாம் வீட்டை விட்டு நாடு கடத்தப்பட்டன. கடைசியாகப் போனது அத்தையின் குடை.

அத்தை என்றால் மெக்கானிக்கின் அக்கா, வீட்டோடு இருப்பவர். டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருடம் பேசி ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், பேச்சுக்கு இல்லை.

"மாத்திரை இன்னும் டப்பாவுக்குள்ள இருக்கு. அதுக்குள்ள வாந்தியா? நடிப்பு! சுத்த நடிப்பு! என் குடை என்ன மருந்தா மாத்திரையா?"

இந்தச் சூழ்நிலையில்தான் போன சனிக்கிழமை மெக்கானிக் மகள் முன்னால் தண்ணீர் டம்ளரோடு நின்று, "ஒண்ணும் ஆகாது கண்ணு, முழுங்கிடு" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மேனேஜர்.

கேள்வி அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்கின் தொழிலுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதலில் மெக்கானிக் தனியாக ஏற வேண்டும். மூன்று தடவை மேலே, மூன்று தடவை கீழே. அப்புறம்தான் அடுத்தவரிடம் "ஏறலாம்" என்று சொல்ல வேண்டும். அவர் அப்படித் தனியாக ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால், நிலாவுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். இருபது வருடத்தில், தான் ஏறாத லிஃப்டைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. முழுங்காத மாத்திரையைப் பற்றித் திறந்துவிட்டார். மகள் பல் தேய்க்கப் போன இடைவெளியில் சமையலறைக்குள் நுழைந்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி நாள்.

"எதுக்குடி அந்தப் பையை மாட்டிட்டு வர்ற? டூர் நாளைக்குத்தானே?" என்றாள் அம்மா.

"பட்டை தோள்ல பழகணும்ல? நாளைக்குப் போய்ப் புதுசா மாட்டினா உறுத்தும்" என்றாள் மேனேஜர்.

பள்ளிக்கூடத்தில் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். போன வருடம் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியாமல், பஸ் கிளம்பிப் போவதை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் அவள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையே, இரண்டு வாந்திக்கு நடுவில் பையைக் கட்டிவிட்டாள். ஒன்றுதான் பாக்கி. டாக்டர் இன்றைக்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

"அப்பா, உங்க முகம் ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

"முட்டை" என்றார் மெக்கானிக்.

"மூணு நாளாவா?"

"பெரிய முட்டை."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணத்துக்கு முன்னால் மெக்கானிக் எழுதிய முதல் கடிதம் பதினொரு சிவப்புத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. கீழே "சம்மதம்" என்று ஒரு வார்த்தை. அந்தக் கண்ணுக்கு ஒரு புள்ளி இடம் மாறினாலும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி டோக்கன் ஒன்பது மணிக்கு. முட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன்தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். அதுவும் தன் டோக்கனுக்காகக் காத்திருப்பது போலவே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த டாக்டரிடம் ஒரு வழக்கம். நோயாளி மிச்ச மாத்திரைகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். சிஸ்டர் எண்ணிப் பார்ப்பார். இதுவரை எத்தனையோ தடவை எண்ணியாகிவிட்டது, ஒன்றுகூடப் பிசகியதில்லை. மெக்கானிக் இந்த வழக்கத்தைச் சுத்தமாக மறந்திருந்தார். சிஸ்டர் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் விரித்தபோதுதான் ஞாபகம் வந்தது. கம்பி அறுந்த லிஃப்ட் மாதிரி அவர் பாதாளம் வரைக்கும் போய் நின்றார்.

"ஐம்பது கொடுத்தோம். ஆறு சனிக்கிழமை. ஆறாறு முப்பத்தாறு. பதினாலு இருக்கணும்" என்றார் சிஸ்டர். "எட்டு இருக்கு."

"இன்னொரு தடவை எண்ணுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி.

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்மா. ஆறு மாத்திரை குறையுது."

ஆறு என்ற எண் மெக்கானிக்கின் காதில் ஏறவே இல்லை. "குறையுது" என்ற ஒரு வார்த்தைதான் ஏறியது. ஏறி, இறங்க மறுத்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஆறுன்னா சரியா ஒரு வார டோஸ். வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய மருந்து இது. ரெண்டு தடவை உள்ள போயிருந்தா ரத்த அணு இறங்கும், வாய் புண்ணாகும், கல்லீரல் கெடும். விளையாட்டு இல்லை. வாயைத் திற கண்ணு. நாக்கைத் தூக்கு."

மேனேஜர் வாயைத் திறந்தாள். புண் இல்லை.

"எங்கடி போட்ட?" என்றாள் அம்மா.

"நான் எடுக்கலை."

"முன்னாடி சுவர்க் கடிகாரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சியே?"

அது உண்மை. ஒரே ஒரு மாத்திரையைக் கடிகாரத்துக்குள் போட்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கித்தான் ஓடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் நின்றுவிடுகிறது.

"அது போன வருஷம். அதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டேன். அதையும் நீங்க திருத்திக் கொடுத்துட்டீங்க."

"வேற யார் எடுப்பாங்க? ஸ்டூல் போட்டு ஏறத்தான் இப்ப நல்லா முடியுதே!"

"நான் எடுக்கலைம்மா."

டாக்டர் குறுக்கே வந்தார். "திட்டாதீங்க. தூக்கிப் போட்டிருந்தா எனக்கு நிம்மதிதான். உள்ள போயிருந்தாத்தான் பயம். எதுன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்ப முடியாது. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். தினம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

"நாளைக்கு கோளரங்கம்" என்றாள் மேனேஜர்.

"கோளரங்கம் எங்கயும் ஓடிடாதும்மா."

"பஸ் ஓடிடும்."

மேனேஜர் அழவில்லை. பதவியில் இருக்கிறவர்கள் பொது இடத்தில் அழக்கூடாது என்று அவளுக்கு ஒரு கொள்கை. பையின் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டாள்.

"நான் எடுக்கலை. நம்பறவங்க நம்பட்டும்" என்று மீன்தொட்டி இருந்த திசையில் சொன்னாள்.

மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தார். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உண்மையை ஒரேயடியாக இறக்கினால் கீழே நிற்பவர் கதி என்ன? மாடி மாடியாக இறக்கலாம் என்று ஆரம்பித்தார்.

"டாக்டர்... எங்க வீட்டுல எலி இருக்கு."

"எப்பலேர்ந்துங்க?" என்றாள் மனைவி.

"இருக்கலாம்னு சொல்றேன்."

சிஸ்டர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "குழியை அழகா அமுக்கி, ஒண்ணொண்ணா எடுத்திருக்கு சார். படிச்ச எலியா?"

"இல்லைன்னா, அட்டை செய்யற இடத்திலேயே குறையா..."

"அங்க அமுக்கித்தான் அனுப்புவாங்களா?"

மெக்கானிக் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்னொரு சிஸ்டர் ஏற்கெனவே வார்டுக்குப் போன் செய்து கட்டில் காலியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் மெக்கானிக்.

"நீங்கதான் என்ன?"

"சாப்பிட்டேன்."

"எதை?"

"அதை."

வார்டுக்குப் போன் செய்துகொண்டிருந்த சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அப்ப கேன்டீன் முட்டை?" என்றாள் மனைவி.

"முட்டை மேல ஒரு தப்பும் இல்லை. நல்ல முட்டை."

டாக்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு மூட்டு வலியா சார்?"

"இல்லை டாக்டர்."

"வேற எதாவது வியாதி?"

"எதுவும் இல்லை."

"பின்ன எதுக்கு?"

மெக்கானிக் சொன்னார். மகள் கேட்ட கேள்வி, லிஃப்டில் முதல் ஆளாக ஏறும் சட்டம், மூன்று தடவை மேலே, மூன்று தடவை கீழே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"லிஃப்டுக்குக் கல்லீரல் கிடையாது சார்."

"தெரியும் டாக்டர்."

"கெட்டுப்போனா லிஃப்டுக்கு உதிரிபாகம் கிடைக்கும். உங்களுக்கு நான் எங்க போய் வாங்குவேன்? அடுத்தவங்க மருந்தை, அதுவும் இந்த மருந்தை, சோதிச்சுப் பார்க்கிறேன்னு யாராவது முழுங்குவாங்களா? சிஸ்டர், குழந்தைக்கு எடுக்கற மாதிரியே இவருக்கும் ரத்தம் எடுங்க."

இந்த இடத்தில் ஒரு தகவல். அறுபது மாடி உயரத்துக் குழிக்குள் ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டு சினிமாப் பாட்டு முணுமுணுப்பவர் நம் மெக்கானிக். ஊசி என்பது அரை அங்குலம். அரை அங்குலத்தைப் பார்த்ததும் அறுபது மாடியும் அவர் தலைக்குள் சுற்றியது.

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வேலையில் அவளுக்கு இரண்டு வருட அனுபவம்.

"ஊசியைப் பார்க்காதீங்கப்பா. அந்தச் சுவர்ல விரிசல் இருக்கு பாருங்க, அதைப் பாருங்க. கையைத் தளர்த்துங்க. பத்துலேர்ந்து பின்னாடி எண்ணுங்க. எட்டுக்குள்ள முடிஞ்சிடும்."

"பத்து... ஒன்பது..."

எட்டுக்குள் முடிந்தது. ரத்தம் எடுப்பதும் முடிந்தது, மெக்கானிக்கும் முடிந்தார். நாற்காலியிலேயே சாய்ந்தவரை எழுப்பித் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தபோது மேனேஜர் தன் கையை நீட்டித் தானே எண்ணிக்கொண்டு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் அவர்களை மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

"செஞ்சது மடத்தனம். ஆனா செஞ்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. குழந்தைங்க சொல்றதை விட்டுட்டுப் பெரியவங்க சொன்னாத்தான் சில பேர் நம்புவாங்க."

மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வயிறு மட்டும் குமட்டலை டாக்டர். முழு ஆளும் குமட்டினேன். பேஸ்ட் வாசனை ஆகலை. தண்ணி வாசனை ஆகலை. தண்ணிக்கு வாசனை உண்டுன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். லிஃப்டுக்குள்ள 'எட்டுப் பேர்'னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இருபது வருஷமா பார்க்கிற ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் ஏழாவது மாடியில நிறுத்திட்டு இறங்கி ஓடினேன்."

"ஸ்டிக்கரா?" என்றாள் மேனேஜர் தொழில்முறை ஆர்வத்தோடு. "எனக்குக் குடை."

"ஒரே ஒரு தடவை போட்ட எனக்கே இப்படி. இவ ஐம்பது வாரமாப் போடறா டாக்டர்."

மேனேஜர் அம்மாவைப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாரா வாரம் என்ன செய்கிறது என்று நோயாளியே எழுதிக்கொண்டு வர வேண்டிய நோட்டு. "இவ்வளவு கஷ்டம் இருந்தா இதுல ஏன் வாராவாரம் 'சிறிது குமட்டல்'னு இருக்கு? நானும் சிறிதுதானேன்னு விட்டுட்டேன்."

பிறகு நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சிறிது குமட்டல்" என்பது சிவப்பு. அதற்கடியில், கோடு போட்டு அடித்திருந்த பென்சில் எழுத்தை மெதுவாகப் படித்தார்.

"'ஊர்ல இருக்கற எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல என் வயித்துக்குள்ள திரும்புது.'"

இன்னொரு பக்கம். "'வெள்ளிக்கிழமை காலையிலயே வாந்தி. மாத்திரை இல்லாமலேயே.'" அதையும் அடித்து, பக்கத்தில் சிவப்பில் "வெள்ளி: ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தது.

"மாத்திரை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வாந்தின்னா அது தகவல் பிழைன்னு நினைச்சேன்" என்றாள் மனைவி. குரல் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

"பிழை இல்லைங்க. இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்" என்றார் டாக்டர். "மருந்தைப் பார்த்தாலே, நினைச்சாலே, அதோட நிறத்தைப் பார்த்தாலே உடம்பு முன்கூட்டியே குமட்ட ஆரம்பிச்சிடும். இந்த மருந்து போடற நிறைய குழந்தைங்களுக்கு வரும். இதுல நடிப்பு துளிகூட இல்லை. பொறுத்துக்கன்னு சொல்லிட்டே போனா ஒருநாள் மாத்திரை கடிகாரத்துக்குள்ளதான் போகும். வாந்தியை நிறுத்தற மருந்தை முன்னாடியே கொடுக்கலாம். மாத்திரைக்குப் பதிலா ஊசியாப் போடலாம். இந்தப் பயத்தைப் பேசியே இறக்கறதுக்குன்னு இங்க ஒருத்தங்க இருக்காங்க. நாமளா மருந்தை நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். முழங்கால் நிக்கிறது அதாலதான்."

மனைவி கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். மெக்கானிக்குக்குத் திக்கென்றது, டாக்டர் பேச்சிலும் பிழையா என்று பயந்தார். ஆனால் அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அடித்திருந்த வரிகளுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். பஸ் வரிக்கு அடியில், வெள்ளிக்கிழமைக்கு அடியில், இன்னும் இருபத்துச் சொச்சம் வரிகளுக்கு அடியில். அச்சகத்தில் அதற்கு, அடித்தது தப்பு, முதலில் எழுதியதே இருக்கட்டும் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவள் தன் திருத்தத்தின் மேலேயே புள்ளி வைத்து மெக்கானிக் பார்த்ததில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்துல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். அம்மா அதற்கும் வைத்தாள்.

இரண்டரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. மேனேஜரின் ரத்தத்தில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மெக்கானிக்கின் ரத்தத்தை மட்டும் அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வார்டுக் கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோளரங்கப் படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"டாக்டர்" என்றார் சிஸ்டர். "சார் எத்தனை சாப்பிட்டாருன்னு நாம கேட்கவே இல்லையே. அவர் கேஸ் பேப்பர்ல எழுதணும்."

"எத்தனை சார்?"

"நாலு" என்றார் மெக்கானிக்.

பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"நாலா? ஏன் நாலு?"

"நாலாவதை முழுங்கின அப்புறம்தான், டாக்டர், டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருந்த பேப்பரைப் படிச்சேன். அதுல மூணாவது வரியோட நிறுத்திட்டேன். பேப்பரையும், மாத்திரையையும்."

"குறையறது ஆறு."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் அந்த எண் காதிலிருந்து உள்ளே இறங்கியது. மகளைப் பார்த்தார். அவள் கண்கள் பேனா முனையிலேயே இருந்தன. இரண்டே இரண்டு மாத்திரை. அதற்காகப் பஸ் மறுபடி அவளை விட்டுவிட்டுப் போகப் போகிறது.

"யோசிச்சுப் பார்த்தா ஆறுதான் டாக்டர்" என்றார் மெக்கானிக்.

"அந்த ரெண்டை நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் மனைவி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சிஸ்டர் விரல் விட்டார். "ஆறும் ரெண்டும் எட்டு. குறையறதே ஆறுதான் டாக்டர். இப்ப ரெண்டு மிச்சம் வருது."

"ரெண்டு பேரும் பொய்" என்றாள் மேனேஜர்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"யாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சொல்லலைன்னா நாளைக்குப் போக முடியாதுன்னா?"

மேனேஜர் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். பிறகு தோளிலிருந்து பையைக் கழற்றி, மேஜைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ரெண்டும் உன் வாய்க்குள்ள போச்சா?"

"இல்லை."

"சரி."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் வாயைத் திறந்தார், மனைவியும் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்க" என்றார் டாக்டர். "இன்னைக்கு இந்த ரூம்ல காலையிலேர்ந்து பொய் சொல்லாத ஆள் இவ ஒருத்திதான். கண்ணு, சாப்பிட்டது யாரா இருந்தாலும் சரி, பெரியவங்களா இருந்தா இன்னும் மோசம். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள அவங்க இங்க வந்து ரத்தம் கொடுக்கணும். அது உன் பொறுப்பு."

"கூட்டிட்டு வர்றேன்" என்று மேனேஜர் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் மனைவி கேட்டாள். "நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீ எதுக்குச் சொன்ன?"

"நீங்க ஆறையும் சாப்பிட்டுட்டு மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் நீதான்னு நினைச்சேன்."

"நான் அப்படிச் செய்வேனா?"

"நானே செஞ்சிருக்கேனே" என்றார் மெக்கானிக்.

அப்போது மெக்கானிக்கின் போன் அடித்தது. மேனேஜர் எம்பி, திரையில் யார் பெயர் என்று பார்த்தாள்.

"எடுங்கப்பா. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் எதுவும் சொல்லலை, ஞாபகம் வெச்சுக்கங்க."

"தம்பி" என்றது அத்தையின் குரல். "வரும்போது ஒரு பெரிய பாட்டில் சோடா வாங்கிட்டு வா. என்ன ஏதுன்னு கேக்காத."

போன் வைக்கப்பட்டது. முப்பது வருடம் தொழிலாகவும் அதற்கு மேல் பொழுதுபோக்காகவும் பேசியவர், தன் வாழ்நாளில் பேசிய ஆகச் சின்ன அழைப்பு அது. வாந்தி நடிப்புதானா என்று இரண்டு மாத்திரை போட்டுப் பார்த்ததன் பலன்.

மேனேஜர் தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றேகால்.

"ஆறு மணிக்குள்ள கூட்டிட்டு வரணும்" என்றாள். "அத்தையைத் தூக்கறதுக்கு ஆள் வேணும்பா. ஊசின்னா அவங்க உங்களைவிட மோசம்."